அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பாவுக்கு வந்த டெலிரியம்: எங்களுக்கு யாரும் சொல்லாதவை

நுரையீரல் அழற்சிக்காக அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட ஒருவருக்கு, நெஞ்சு தேறிவருகிற அதே நாட்களில் புத்தி தடுமாறக்கூடும் என்பதை எங்களுக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதற்கு டெலிரியம் என்று பெயர் உண்டு, அதைக் கண்டறிய ஓரிரு நிமிடங்களில் செய்து முடிக்கக்கூடிய சோதனை உண்டு, மூல காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலானவர்களுக்கு அது தணியும் என்பவையெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது, அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று உறவினரில் பாதிப் பேர் முடிவு கட்டியிருந்தார்கள். அண்ணன் கனடாவில் இருக்கிறார். அம்மா முழங்கால் வலியால் படியிறங்க முடியாதவர். ஆகவே வைத்தியசாலை வாசலில் நின்றது நான் மட்டும்தான். வைத்தியசாலை எதுவென்று இங்கே எழுதப் போவதில்லை. அப்பாவின் உயிரைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான், அவருடைய குழப்பத்தைப் பல நாட்கள் கவனிக்காமல் விட்டவர்களும் அவர்கள்தான்.

அப்பாவுக்கு 71 வயது. துறைமுகத்து இழுவைப் படகுகளின் இயந்திர அறையில் 30 வருடங்களுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் காது மந்தமாகி, சில வருடங்களாகக் காதுக் கருவி போட்டுக்கொள்கிறார். திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து காலையில் பத்திரகாளி அம்மன் கோயில்வரை நடந்துபோய், திரும்பும் வழியில் பத்திரிகை வாங்கி, மரண அறிவித்தல் உட்பட ஒரு வரி விடாமல் வாசித்து முடிப்பது அவருடைய வழக்கம். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒருவர் சுகமாக இருந்தபோது எப்படி இருந்தார் என்று தெரிந்தால்தான் இப்போது அவர் எவ்வளவு மாறியிருக்கிறார் என்று அளக்க முடியும். மயக்கத்தில் கொண்டுவரப்பட்டவரை முதன்முதலாகப் பார்க்கும் தாதிக்கு அது தெரிய வழியே இல்லை. வீட்டாருக்குத்தான் தெரியும். எங்களிடம் அதை யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட வேண்டிய விடயம் என்பது எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மார்கழி மழை விடாமல் பெய்த நாட்களில் சளியும் காய்ச்சலுமாகத் தொடங்கியது, ஓர் இரவில் மூச்சுத்திணறலாக மாறியது. 1990க்கு அழைத்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் விரைவாகவே வந்து சேர்ந்தது. அன்றிரவே குழாய் போட்டுச் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இணைத்து, தூக்க மருந்தும் கொடுத்தார்கள். சில நாட்களில் நெஞ்சுப் படம் தெளிந்து, குழாயையும் எடுத்துவிட்டார்கள். கண்டம் கழிந்தது என்று அம்மா கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். உண்மையில் எங்களுடைய கஷ்டம் அந்த மாலையில்தான் தொடங்கியது.

மறுநாள் பார்வை நேரத்தில் உள்ளே போனபோது, அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளும் துணிப் பட்டியால் கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தன. பட்டியின் கீழே தோல் உரசிச் சிவந்திருந்தது. இரவு முழுவதும் கத்தினாராம், சேலைன் ஊசியைப் பிடுங்கினாராம், எழுந்து ஓடப் பார்த்தாராம். ஆகவே ஊசி போட்டுக் கட்டிவைத்தார்களாம். என்னைக் கண்டதும் அவர், “மகள், வால்வை மூடச் சொல்லு, உள்ளுக்குத் தண்ணி ஏறுது” என்றார். பக்கத்துக் கட்டில் கருவியின் அலாரம் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய தலை அந்தப் பக்கம் திரும்பி, கை பட்டியை இழுத்தது. அவர் நின்றுகொண்டிருந்தது இயந்திர அறையில் என்று எனக்கு விளங்கியது. அங்கே அலாரம் அடித்தால் சும்மா கிடப்பவர் அல்ல அவர். ஆனால் அதைச் சுற்றி நின்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் குரல் இருக்கவில்லை. பயம் ஒருபுறம், மற்ற நோயாளிகளின் உறவினர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் மறுபுறம்.

பொறுப்பிலிருந்த தாதி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அப்பா குடிப்பாரா என்பது. அது நியாயமான கேள்விதான். நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் நடுக்கத்தோடு கடுமையான குழப்பம் வரும், அது உயிராபத்தானது, ஆகவே அப்படி ஏதும் இருந்தால் வீட்டார் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. அப்பா மதுவைத் தொட்டதில்லை என்று சொன்னேன். “அப்படியென்றால் வயதுதான், ஐ.சி.யு.வில் இது வழமை” என்றார். வழமை என்பது முழு உண்மை. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களை முறையாகச் சோதித்த ஆய்வுகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடமும், சிலவற்றில் பத்தில் எட்டுப் பேர்வரையிலும் டெலிரியம் காணப்பட்டிருக்கிறது. ஆனால் அடிக்கடி வருகிறது என்பதற்காக அது தீங்கற்றதாகிவிடாது. டெலிரியம் வந்தவர்கள் கூடுதல் நாட்கள் வைத்தியசாலையில் தங்குகிறார்கள், அவர்களிடையே இறப்பும் அதிகம். இதயமும் சிறுநீரகமும் தடுமாறினால் காரணம் தேடுவதுபோல மூளை தடுமாறினாலும் காரணம் தேட வேண்டும் என்ற எண்ணம் அந்த உரையாடலில் எங்கும் இருக்கவில்லை.

அதற்கடுத்த நாட்களில் அப்பா அமைதியாகிவிட்டார். கட்டுகளை அவிழ்த்துவிட்டார்கள். “ஐயா இப்ப நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை” என்று தாதி ஒருவர் சிரித்தபடி சொன்னார். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பெயரைக் கேட்டால் சிறிது நேரம் கழித்துச் சொன்னார். அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே கண் வேறெங்கோ போய்விடும். கரண்டியில் கஞ்சியை வாய்க்குள் வைத்தால் விழுங்க மறந்து அப்படியே வைத்திருந்தார். போர்வையின் நூலை விரல்களால் பிய்த்துக்கொண்டே இருந்தார். டெலிரியத்தில் கத்திக் குழப்பம் செய்கிற வகை ஒன்று, இப்படி அடங்கி ஒடுங்கிப் போகிற வகை ஒன்று, இரண்டும் மாறிமாறி வருகிற வகை ஒன்று என்று மூன்று இருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். முதியவர்களிடம் அடங்கிய வகை மிகவும் சாதாரணம். அதிகம் தவறவிடப்படுவதும் அதுதான். கத்துகிறவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். பேசாமல் கிடப்பவர் வேலைப்பளு மிக்க ஒரு பிரிவில் எல்லோருக்கும் வசதியான நோயாளியாகிவிடுகிறார்.

தலைமாட்டில் தொங்கிய பெரிய அட்டவணையை அந்த நாட்களில் நான் பலமுறை பார்த்தேன். இரத்த அழுத்தம், நாடி, ஒட்சிசன், சிறுநீர் அளவு என்று மணிக்கு மணி எழுதியிருந்தார்கள். ஒரு மணிகூட விடுபடவில்லை. உணர்வு நிலைக்கு கிளாஸ்கோ அளவுகோல் என்ற ஒன்றின் எண் இருந்தது. 1974இல் தலைக்காயக்காரர்களுக்கென்று உருவாக்கப்பட்ட அந்த அளவுகோல், கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி அசைகிறாரா என்று பார்ப்பது. விழித்திருப்பவர் கவனத்தோடு இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. அப்பாவுக்கு அதில் 14 என்றிருந்தது, ஏறத்தாழ முழுப் புள்ளி. அந்த எண்ணைக் காட்டித்தான் “தெளிவாக இருக்கிறார்” என்றார்கள். பின்னாளில் நான் கதைத்த சில தாதியர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள்: டெலிரியம் என்றால் குடியை நிறுத்தியவருக்கு வருவது என்ற அளவில்தான் பயிற்சிக் காலத்தில் மனதில் பதிந்தது, கட்டிலருகே எப்படிச் சோதிப்பது என்று ஒருவரும் செய்து காட்டவில்லை, அட்டவணையில் அதற்கொரு கட்டம் இருந்தால் மற்றவற்றைப் போல அதையும் நிரப்பியிருப்போம் என்று. இதைக் கேட்டபின் என் கோபத்தின் பெரும்பகுதி தனி ஆட்களிடமிருந்து விலகி, அந்தக் கட்டத்தை அச்சிடாமல் விட்டவர்கள்பால் போய்விட்டது.

திருப்பம் ஒரு இரவுக் கடமைத் தாதியால் வந்தது. மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர், வேறு மாவட்டத்திலிருந்து இடமாற்றம் பெற்று வந்திருந்தார். “அப்பா வழமையாக இப்படித்தானா கதைப்பார்?” என்று அவர் கேட்டபோது, அத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்பதால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அப்பாவின் கையைப் பிடித்து, “ஐயா, நான் இலக்கங்கள் சொல்லுவன், ஒன்று என்று சொன்னால் மட்டும் என்ட கையை அமத்துங்க” என்றார். பின்பு ஏழு, ஒன்று, நான்கு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். முதல் தடவை அப்பா சரியாக அழுத்தினார். அதற்குப் பிறகு எல்லா இலக்கத்துக்கும் அழுத்தினார்; கடைசியில் கை சோர்ந்து, என்ன செய்கிறோம் என்பதையே மறந்து கூரையைப் பார்த்தார். அடுத்து ஆம், இல்லை என்று பதில் சொல்லும் சில கேள்விகள். கல் தண்ணீரில் மிதக்குமா என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் கடலில் வேலை செய்த மனிதர் மிதக்கும் என்று தலையசைத்தார்.

அந்தச் சோதனை 2001இல் அமெரிக்காவில் வான்டர்பில்ட் பல்கலைக்கழக வைத்தியர்களால் உருவாக்கப்பட்டது என்றும், குழாய் போட்டுப் பேச முடியாதவர்களிடமும் தாதியரே செய்யக்கூடியதென்றும் அவர் சொன்னார். மூலத்தில் பத்து ஆங்கில எழுத்துகளைச் சொல்லி, ஓர் எழுத்துக்கு மட்டும் கையை அழுத்தச் சொல்வார்கள். இரண்டுக்கு மேல் பிழைத்தால் கவனம் சிதைந்திருக்கிறது என்று பொருள். ஆங்கில எழுத்துக் காதில் ஏறாத நோயாளிகளுக்காக அவர் இலக்கங்களை வைத்துக்கொண்டிருந்தார். டெலிரியத்துக்கு நான்கு அடையாளங்கள் பார்க்கிறார்கள்: திடீரெனத் தொடங்கி ஏறி இறங்கும் மாற்றம், கவனச் சிதைவு, விழிப்பு நிலை கூடியோ குறைந்தோ இருத்தல், ஒழுங்கற்ற சிந்தனை. முதல் இரண்டோடு மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தால் போதும். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளர்வது; டெலிரியமோ மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் வருவது, காலையில் தெளிந்து மாலையில் மோசமாவது. ஆகவே உங்கள் வீட்டு முதியவர் முந்தநாள்வரை சரியாக இருந்தார் என்றால் அந்தச் சொற்களையே அழுத்திச் சொல்லுங்கள்: “முந்தநாள்வரை இப்படி இல்லை.” வயதென்று தள்ளிவிட முடியாத வாக்கியம் அது.

அன்றிரவே அவர் கடமை வைத்தியரிடம் சொன்னார். காரணம் தேடத் தொடங்கினார்கள். குருதியில் சோடியம் குறைந்திருந்தது. பல நாட்களாக மலம் போகவில்லை. இரவில் அமைதிப்படுத்தக் கொடுத்த மிடாசோலம் வகை ஊசியே குழப்பத்தைக் கூட்டக்கூடியதென்று அதை நிறுத்தினார்கள். தொற்று, ஒட்சிசன் குறைவு, சீனி ஏறி இறங்குவது, சிறுநீர் அடைப்பு, அடக்கப்படாத வலி, தூக்கமின்மை, மருந்துகள் என்று காரணங்களின் பட்டியல் நீளமானது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடுகிற குளோர்பெனிரமின் மாத்திரைகூட முதியவர்களுக்குக் குழப்பம் தரக்கூடியது. அதனால் வீட்டில் போட்ட எல்லா மருந்துகளையும், கடை மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. டெலிரியத்தைக் குணமாக்கும் தனி மருந்து என்று ஒன்றும் இல்லை. ஹலோபெரிடோல் போன்றவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாமென்று 2018இல் வெளியான அமெரிக்க அதிதீவிர சிகிச்சை வழிகாட்டுதல் சொல்லியிருந்தது. நோயாளிக்கோ பிறருக்கோ ஆபத்து வரும்படியான கலவரத்தில் குறுகிய காலத்துக்கு மட்டும் அவை பயன்படுகின்றன. ஆகவே “தூங்கவைக்க ஊசி போடுங்கள்” என்று உறவினர் கேட்பது நோயாளிக்கு உதவாது.

மீதி வேலை மருந்தில்லாத வேலை, அதில் வீட்டாருக்கு நிறையப் பங்கு இருக்கிறது. அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் அனுமதித்த அன்றே ஒரு பையில் போட்டு என்னிடம் தரப்பட்டிருந்தன. பெறுமதியான பொருட்கள் தொலையக்கூடாதென்ற நல்ல எண்ணம். கண்ணும் காதும் இல்லாமல் அந்த மனிதர் அத்தனை நாள் எதைக் கொண்டு தன் இடத்தை அறிந்திருக்க முடியும்? புது பற்றரி போட்டுக் கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், அன்று மாலையே என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். படுக்கையிலிருந்து தெரியும் இடத்தில் பெரிய மணிக்கூடும் நாட்காட்டியும் வைக்கச் சம்மதித்தார்கள். பகலில் திரையை விலக்கினார்கள், இரவில் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார்கள், இரண்டு பேர் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தார்கள். இவை சிறிய காரியங்கள். ஆனால் யாராவது ஒருவர் பொறுப்பாகக் கேட்காவிட்டால் நடப்பதில்லை. அப்பா இல்லாத ஒன்றைக் கண்டு பேசும்போது வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்தூதவும் வேண்டாம் என்று அந்தத் தாதி சொல்லித் தந்தார். “தண்ணி ஏறேல்லை அப்பா, இது ஆஸ்பத்திரி, நான் பக்கத்தில நிக்கிறன்” என்று ஒரே வாக்கியத்தைப் பதற்றமில்லாமல் திரும்பத் திரும்பச் சொன்னேன். கட்டை நீங்களாக அவிழ்க்காதீர்கள். நான் பக்கத்தில் இருக்கும் நேரமாவது அவிழ்த்துவிட முடியுமா என்று கேளுங்கள். கட்டிவைப்பது குழப்பத்தை மேலும் கூட்டும்.

மொழியின் சங்கடத்தையும் சொல்லவேண்டும். அங்கிருந்த தாதியரில் பலர் சிங்களம் மட்டும் பேசுபவர்கள், அன்பானவர்கள். அப்பாவுக்குச் சிங்களம் தெரியும், ஆனால் குழம்பிய மூளைக்கு இரண்டாம் மொழி எட்டவில்லை. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் சிங்களத் தோழியிடம் சொல்லி, ஒரு மட்டையில் நான்கைந்து தமிழ் வாக்கியங்களைச் சிங்கள எழுத்தில் எழுதுவித்தேன்: “ஐயா, இது ஆஸ்பத்திரி. உங்களுக்குச் சுகமாகி வருது. மகள் பின்னேரம் வருவா. நோவு இருக்கா?” பக்கத்தில் சிங்களத்தில் பொருளும் எழுதிக் கட்டில் சட்டத்தில் தொங்கவிட்டோம். தாதியர் அதைப் பார்த்து வாசித்தார்கள். உச்சரிப்பு எப்படியிருந்தாலும் அப்பா பதில் சொன்னார். எனக்குத் தெரிந்து அத்தனை நாளில் செலவில்லாமல் கிடைத்த பெரிய உதவி அதுதான், எங்கள் மாகாணத்து வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் இரு மொழியினருக்கும் இப்படியொரு மட்டை இருக்கலாம்.

முன்னேற்றம் நேர்கோட்டில் போகவில்லை. சாதாரண விடுதிக்கு மாற்றிய இரவில் மீண்டும் குழம்பினார். அதைக் கண்ட பெரியம்மா, இது செய்வினை என்று நூல் கட்டவும் கழிப்புக் கழிக்கவும் ஏற்பாடு செய்து, என் மறுப்பையும் மீறி 15,000 ரூபாவுக்குக் கணக்குச் சொன்னார். அதைவிடப் பெரிய இழப்பு வீட்டுக்கு வந்த பிறகு ஏற்பட்டது. வைத்தியசாலை தந்த அட்டையில் நுரையீரல் அழற்சி என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். டெலிரியம் என்ற சொல் எங்கும் இல்லை. அப்பா இரவில் திடுக்கிட்டு எழுந்தார், கணக்கில் தடுமாறினார், தாதியர் தன்னைக் கொல்லப் பார்த்ததாக நம்பினார். அண்ணனின் வற்புறுத்தலால் ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்கு வான் பிடித்துப் போய், ஒன்றன்பின் ஒன்றாக வைத்தியர்களைச் சனல் பண்ணி, மூளை ஸ்கேனும் எடுத்தோம். கடைசியாகப் பார்த்த வைத்தியர், அப்பா அங்கே எப்படி இருந்தார் என்று என்னைச் சொல்லவிட்டுக் கேட்டபின், இது டெலிரியத்தின் எச்சம், ஸ்கேன் தேவைப்பட்டிருக்காது என்றார். சம்பளமற்ற விடுமுறையையும் சேர்த்தால் ஒன்றரை இலட்சம் ரூபாவை நெருங்கிய செலவு. ஒரு சொல் அட்டையில் இருந்திருந்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது “இவருக்கு டெலிரியம் இருந்தது என்று எழுதித் தாருங்கள்” என்று கேட்டு வாங்குங்கள்.

எச்சம் என்று அவர் சொன்னது எவ்வளவு தூரம் போகும் என்று பிறகு வாசித்தேன். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அதிதீவிர சிகிச்சை பெற்ற 821 பேரில் 74 வீதமானோருக்கு டெலிரியம் வந்திருந்தது. அது எத்தனை நாள் நீடித்ததோ அதற்கேற்ப ஒரு வருடம் கழித்தும் நினைவாற்றலும் சிந்தனையும் குன்றியிருந்தன. எனவே நாட்களைக் குறைப்பதுதான் காரியம். அப்பாவுக்குப் பயம் தணிந்தது, நடந்தவற்றை நான் தேதிவாரியாக எழுதி வைத்திருந்த கொப்பியை அவரோடு உட்கார்ந்து வாசித்த பிறகுதான். வால்வு என்று அவர் கேட்டது எந்த அலாரம், கையைக் கட்டியது எதற்காக என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தான் கத்தியதற்காக வெட்கப்பட்டார். நோய் கத்தியது என்று அம்மா சொல்லிவிட்டார். காலை நடை திரும்பிவிட்டது, பத்திரிகை இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

ஒருமுறை டெலிரியம் வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம். இந்த வருடம் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டபோது, மயக்க மருந்து வைத்தியரிடம் முதலிலேயே அதைச் சொன்னோம். தண்டுவட ஊசியால் மரக்கச்செய்யலாம், கூடுதல் தூக்க மருந்து வேண்டாம் என்று அவர் கோப்பில் எழுதினார். கண்ணாடியும் காதுக் கருவியும் சத்திரசிகிச்சைக் கூட வாசல்வரை கூடவே போயின. இரவில் கட்டிலருகே ஒருவர் தங்குவதற்கான அனுமதியை, சத்திரசிகிச்சைக்கு முந்தைய கிளினிக் நாளிலேயே விடுதிப் பொறுப்புத் தாதியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அன்றிரவு வாசலில் நின்று கேட்டால் முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவர் கடமையில் இருக்கமாட்டார், காவலாளி உங்களை வெளியே அனுப்பிவிடுவார்.